அமெரிக்க ஜாஸ் பேண்ட் தலைவர் டியூக் எலிங்டன் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, வருஷம் பூரா ஊர் ஊரா சுத்துனவரு எப்ப உக்காந்து இசை எழுதுனாரு?

பதில்: போற வழியிலதான் தம்பி. அவர் பேண்ட்ல பாரிடோன் சாக்ஸ் (சாக்ஸஃபோன்) வாசிச்ச ஹாரி கார்னி 1927ல சேந்தவர், 1974ல எலிங்டன் சாகுற வரைக்கும் கூடவே இருந்தார், கச்சேரி முடிஞ்சதும் அவர்தான் கார ஓட்டுவார், எலிங்டன் பக்கத்து சீட்ல யோசிச்சுக்கிட்டே வருவார். எழுதுனத உடனே ஆளுங்க கையில குடுத்து காதால கேட்டுப் பாத்துடணும், அதுக்காகவே பேண்ட கடைசி வரைக்கும் கலைக்கல. அவரோட நோட்டு பேப்பர்ல முதல் ட்ரம்பெட், ரெண்டாவது ட்ரம்பெட்னு இருக்காது, வாசிக்கிறவர் பேர்தான் இருக்கும். 'கூட்டி'ன்னு இருந்தா கூட்டி வில்லியம்ஸ மனசுல வச்சு, அந்த ட்ரம்பெட் உறுமுற உறுமலுக்காகவே எழுதுனதுன்னு அர்த்தம். எனக்கு அவர்கிட்ட ரொம்பப் புடிச்சதே இதுதான்.

கேள்வி: அத்தன பேருக்கும் சம்பளம்?

பதில்: பழைய பாட்டுங்களுக்கு வந்த ராயல்டிய எடுத்து பேண்டுக்குப் போட்டார். 1950கள்ல பெரிய பேண்டுங்க ஒண்ணொண்ணா கலைஞ்சுது, இவருக்கும் மவுசு கொறஞ்சுது. அப்பதான் 1956 நியூபோர்ட் ஜாஸ் விழா. பேண்ட்ல இருந்த பால் கொன்சால்வஸ் டெனர் சாக்ஸ எடுத்து 27 கோரஸ் வாசிச்சார், அதாவது ப்ளூஸ் பாட்டோட ஒரே சுத்தையே 27 தடவ, விடாம! ஜனங்க எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்த மாசமே டைம் பத்திரிகை அட்டையில எலிங்டன் படம்.

கேள்வி: கறுப்பர்ங்கறதால ஹோட்டல்ல ரூம் குடுக்க மாட்டாங்களாமே?

பதில்: ஆமா, தெற்கு மாநிலங்கள்ல. அதனால 1930கள்ல தனி புல்மேன் ரயில் பெட்டி எடுத்துக்கிட்டு, தூக்கம் சாப்பாடு எல்லாம் அதுலயேன்னு போனாங்க. கைதட்டத் தெரிஞ்ச ஊருக்கு ஒரு ராத்திரி தங்க எடம் குடுக்க மனசில்ல, நெனச்சா இன்னைக்கும் கோவம் வருது.

கேள்வி: இந்தியாவுக்கு வந்திருக்காரா சார்?

பதில்: 1963ல அமெரிக்க அரசு அனுப்புன டூர்ல வந்தார், டெல்லி, பம்பாய், மெட்ராஸ்னு. நவம்பர்ல கென்னடிய சுட்டுக் கொன்னதும் துருக்கியில இருந்தப்ப அந்த டூர நிறுத்திட்டாங்க. அவர்கூட சேந்து இசை எழுதுன பில்லி ஸ்ட்ரேஹார்ன் டெல்லியில ஒரு மைனா குரல கேட்டார், அதுதான் 'ஃபார் ஈஸ்ட் சூட்' ஆல்பத்துல ஜிம்மி ஹாமில்டன் கிளாரினெட்ல திரும்பத் திரும்ப வருது. அதே ஆல்பத்துல இருக்கற 'இஸ்ஃபஹான்' ஈரானப் பாத்து எழுதுனதுன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, இல்ல, மெட்டு டூருக்கு முன்னாடியே வந்துடுச்சு, பேர் மட்டும் அப்புறம் வச்சது.

கேள்வி: புதுசா கேக்கறவங்க எதுல ஆரம்பிக்கலாம்?

பதில்: 'ஃபார் ஈஸ்ட் சூட்'ல இருக்கற அந்த மைனா பாட்டுலயே ஆரம்பிங்க. முதல் தடவ கிளாரினெட்ட மட்டும் கேளுங்க, ரெண்டாவது தடவ அதுக்கு அடியில சாக்ஸுங்க என்ன பண்ணுதுன்னு கேளுங்க.