வாசகர் கேள்வி – பதில்: மழையில் மாட்டிக்கொள்ளும் தகுதிச் சுற்று

கேள்வி (மதுரை வாசகர்): 2024 நவம்பரில் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஃபார்முலா 1 தகுதிச் சுற்றை (பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று முடிவுசெய்யும் ஓட்டத்தை) மழையால் மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். மழைக்கென்றே தனி டயர் இருக்கும்போது ஓட்டுவதற்கு என்ன தடை?

பதில்: டயர் தடையல்ல, கண்தான் தடை. கனமழைக்கான நீலக் குறியிட்ட டயர் ஒன்று, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை விலக்கும் என்பது அதைத் தயாரிக்கும் பிரெல்லி நிறுவனத்தின் கணக்கு. நான்கு டயர்களுக்கும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு நொடியும் இருபது குடத்துக்கு மேற்பட்ட தண்ணீர் வாரி இறைக்கப்படுகிறது. அது அத்தனையும் பனிமூட்டம் போல எழுந்து, பின்னால் வருபவரின் பார்வையை மறைத்துவிடும். முன்னே போகும் காரின் சிவப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்தாலே பெரிய விஷயம். போதாக்குறைக்கு, இந்தக் கார்களின் அடித்தளம் தரையை ஒட்டியே இருப்பதால், ஓடுதளத்தில் தண்ணீர் தேங்கிய இடத்தில் டயர் பிடித்தாலும் அடித்தளம் மிதந்து, ஓட்டுநரின் கட்டுப்பாடு போய்விடும்.

தகுதிச் சுற்றில் கார்கள் கும்பலாக ஓடுவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அங்கே ஒருவர் முழு வேகத்தில் வருவார். இன்னொருவர் டயரைச் சூடேற்றிக்கொண்டோ, அடுத்த முயற்சிக்கு இடைவெளி பார்த்துக்கொண்டோ மெதுவாக உருட்டிக்கொண்டு போவார். பார்வை மறைந்த நிலையில் இந்த வேக வித்தியாசம்தான் என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. நீல டயர் தேவைப்படும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறார்கள். ஓட விடும் அளவுக்கு வடிந்தால் எல்லோரும் ஈரம் குறைந்த தளத்துக்கான, பச்சைக் குறியிட்ட இன்டர்மீடியட் டயருக்கு மாறிவிடுகிறார்கள். ஆக, கனமழைக்கான டயர் பெரும்பாலும் கிடங்கில்தான் கிடக்கிறது!

கேள்வி (திருச்சி வாசகர்): மறுநாள் காலை நடந்த அதே தகுதிச் சுற்றில் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் 12-ஆம் இடத்துடன் வெளியேறியது நியாயமா?

பதில்: விதிப்படி சரி, ஆனால் அவருடைய கோபத்தில் அர்த்தம் இருந்தது. ஞாயிறு காலை 7.30 மணிக்குத் தொடங்கிய அந்தச் சுற்றில் ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி ஐந்து முறை காட்டப்பட்டது. தகுதிச் சுற்று மூன்று பகுதிகளாக நடக்கும், முதல் இரண்டிலும் பின்தங்கியவர்கள் வெளியேறுவார்கள். இரண்டாம் பகுதியின் கடைசி நேரத்தில் ஸ்ட்ரோல் என்ற ஓட்டுநரின் கார் தடுப்பில் மோதியது. சிவப்புக் கொடி காட்டப்பட்டால் கடிகாரமும் நின்றுவிடும் என்பதால், மோதிய உடனே காட்டியிருந்தால் இன்னொரு முயற்சிக்கு நேரம் மிஞ்சியிருக்கும். தாமதமாகக் காட்டியதால் அந்த நேரம் கரைந்துபோனது என்பதே வெர்ஸ்டாப்பனின் குறை. எஞ்சின் மாற்றத்துக்காக ஏற்கெனவே ஐந்து இடத் தண்டனை இருந்ததால் அவர் 17-ஆம் இடத்திலிருந்து புறப்பட நேர்ந்தது. நாரிஸ் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். இருந்தும் பந்தயத்தை வென்றவர் வெர்ஸ்டாப்பன்தான்.

பரிதாபத்துக்கு உரியவர் என்றால், என் கணக்கில் அது ஆல்பன். மூன்றாம் பகுதியில் அவருடைய கார் மோதி நொறுங்கியது. தகுதிச் சுற்று சனிக்கிழமையே முடிந்திருந்தால் மெக்கானிக்குகளுக்கு ஓர் இரவு கிடைத்திருக்கும். இங்கோ, மழைக்குப் பயந்து பந்தயத்தை 12.30 மணிக்கே முன்தள்ளிவிட்டதால், இடையில் கிடைத்தது சில மணி நேரம் மட்டுமே. காரைச் சரிசெய்ய முடியாமல் அவர் பந்தயத்தில் புறப்படவே இல்லை. ஞாயிறு காலைக்குத் தள்ளிவைப்பதில் உள்ள உண்மையான சிக்கல் இது.

கேள்வி (கோவை வாசகர்): மழை நின்ற பிறகும் அரை மணி, ஒரு மணி என்று காக்க வைக்கிறார்களே, ஏன்?

பதில்: ஓடுதளத்தில் தேங்கிய நீர் வடிய வேண்டும். மருத்துவ ஹெலிகாப்டர் பறக்கும் நிலையில் வானம் இருக்க வேண்டும். வெளிச்சமும் வேண்டும், 2013-இல் மெல்போர்னில் முதல் பகுதியை மட்டும் சனிக்கிழமை முடித்து, பொழுது சாய்ந்ததால் மற்ற இரண்டையும் ஞாயிறு காலை நடத்தினார்கள். ஜப்பானின் சுசூகாவில் 2004, 2010, 2019 என மூன்று முறை தகுதிச் சுற்று ஞாயிறுக்குப் போயிருக்கிறது. 2019-இல் ஹகிபிஸ் சூறாவளிக்காகச் சனிக்கிழமை நிகழ்ச்சிகள் முழுவதையும் முன்கூட்டியே ரத்துசெய்தார்கள். ஞாயிறும் முடியாமல் போனால் வெள்ளிக்கிழமையின் இரண்டாம் பயிற்சி நேரங்களை வைத்தே வரிசையை அமைப்பதாக இருந்தது. காத்திருப்பின் அலுப்புக்கு அமெரிக்காவின் ஆஸ்டினில் 2015-இல் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்: மெக்கானிக்குகள் கையில் கிடைத்ததைக் கொண்டு படகு செய்து, பிட் லேனில் (அணிகளின் பணிமனைகளை ஒட்டிய பாதையில்) ஓடிய தண்ணீரில் மிதக்க விட்டுப் பொழுதைப் போக்கினார்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள் என்று தோன்றவில்லையா?

பதில்: 2021 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தில் நடந்ததைப் பார்த்தவன் என்பதால் தோன்றவில்லை. முதல் இரண்டு பகுதிகளிலும் முதலிடம் பிடித்த நாரிஸ், மூன்றாம் பகுதி தொடங்கியதும் ஓ ரூஜ், ரேடியோன் வளைவுகளில் தடம் புரண்டு தடுப்பில் மோதினார். இப்படி நேரும் முன்பே ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி இன்னொரு ஓட்டுநரான வெட்டல் வானொலியில் கேட்டிருந்தார். பிறகு அவரே தம் காரை நொறுங்கிய காரின் அருகே நிறுத்தி, நாரிஸ் நலமா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். மறுநாள் பந்தயமோ வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னே செல்லும் பாதுகாப்பு காரின் பின்னால் சில சுற்றுகள் ஊர்ந்ததோடு முடிந்து, பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டன. தகுதிச் சுற்றில் வில்லியம்ஸ் காரில் இரண்டாம் இடம் பிடித்த ரஸ்ஸலுக்கு அதே இடமும் 9 புள்ளிகளும் கிடைத்தன.

கேள்வி (சென்னை வாசகர்): நம் தீவுத்திடல் ஃபார்முலா 4 பந்தயத்திலும் மழை குறுக்கிட்டதல்லவா?

பதில்: ஆம், இரண்டு முறை. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. 2024 ஆகஸ்ட் 31 அன்றும் மழையால் ஏற்பாடுகள் தாமதமாகின. அந்தப் பந்தயம் நடப்பது அன்றாடம் பேருந்து ஓடும் சாலையில்; அங்கே வெள்ளைக் கோடுகள் நனைந்தால் எப்படி வழுக்கும் என்பதை இருசக்கர வாகனத்தில் அலுவலகம் போகும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.