ராஜஸ்தான் பேருந்துச் சுற்றுலா: முழங்கால் வலியுள்ள அம்மாவையும் சர்க்கரையுள்ள அப்பாவையும் அழைத்துப் போகலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அப்பாவுக்கு 72, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஜனவரியில் 9 நாள் ராஜஸ்தான் பேருந்துச் சுற்றுலா ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். ஜெய்ப்பூரில் தொடங்கி பிகானேர், ஜெய்சல்மேர், ஜோத்பூர், உதய்ப்பூர் பார்த்துவிட்டு மறுபடி ஜெய்ப்பூர். பாலைவனக் கூடாரத்தில் ஓர் இரவும் ஒட்டகச் சவாரியும் உண்டு. மணல்மேட்டைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை. சொந்தக்காரர்களோ ‘இந்த வயசில் எதுக்கு வம்பு’ என்கிறார்கள். அழைத்துப் போகலாமா? - கோவை வாசகி

பதில்:

தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் இந்த 9 நாள் திட்டத்தை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள்.

18 வருடமாகத் தமிழ்க் குழுக்களோடு ராஜஸ்தான் போய் வருகிறேன். பெரியவர்கள் மணலாலோ வெயிலாலோ சோர்ந்து நான் பார்த்தது குறைவு. விடிகாலை ஐந்தரைக்கு எழுப்பி, ஏழு மணி நேரம் பேருந்தில் உட்காரவைத்து, இறங்கிய கையோடு கோட்டை ஏற்றினால் மட்டும் மூன்றாம் நாளே துவண்டுவிடுகிறார்கள். அதனால் சுற்றுலா நிறுவனம் தரும் அட்டவணையில் எத்தனை இடம் என்று எண்ணாதீர்கள். எத்தனை மணி நேரம் பேருந்தில், எத்தனை படி காலில் என்று எண்ணுங்கள்.

உங்கள் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஜெய்ப்பூரிலிருந்து பிகானேர் சுமார் 330 கி.மீ. அங்கிருந்து ஜெய்சல்மேர் இன்னொரு 330. ஜெய்சல்மேர் - ஜோத்பூர் 280, ஜோத்பூர் - உதய்ப்பூர் 250-க்கு மேல், உதய்ப்பூரிலிருந்து ஜெய்ப்பூர் திரும்ப 400. கூட்டினால் 1,600 கி.மீ. பக்கம் வரும். சாலை நன்றாகவே இருக்கும். ஆனாலும் தேநீர், சாப்பாடு, கழிப்பறை என்று நின்று நின்று போகும் பெரிய பேருந்துக்கு 330 கி.மீ. என்றால் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். 9 நாளில் 5 நாள் இப்படிப் போய்விடும்.

முதல் திருத்தம் இங்கேதான். உதய்ப்பூரோடு பயணத்தை முடித்துக்கொண்டு அங்கிருந்தே ஊர் திரும்புங்கள். உதய்ப்பூரில் விமான நிலையம் உண்டு. கடைசி நாள் 400 கி.மீ. மிச்சம். குழு ஜெய்ப்பூர் திரும்பினாலும் நீங்கள் மட்டும் உதய்ப்பூரில் பிரிந்துகொள்ள நிறுவனங்கள் பொதுவாகச் சம்மதிக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். மிச்சமான நாளை ஜெய்சல்மேருக்குக் கொடுங்கள், அங்கே இரண்டு இரவு தங்க வேண்டும். ஒரே இரவு என்றால் மதியம் மூன்று மணிக்குப் போய் இறங்கி, நான்கு மணிக்கு மணல்மேட்டுக்கு ஓடி, மறுநாள் காலை இரண்டு மணி நேரத்தில் கோட்டையைச் சுற்றிவிட்டு, மதியம் மீண்டும் பேருந்து ஏற வேண்டியிருக்கும். அந்த ஊரை அப்படிப் பார்ப்பதும் ஒன்று, பார்க்காததும் ஒன்று.

இனி அம்மாவின் முழங்கால். எல்லாக் கோட்டையும் ஒன்றல்ல. பிகானேர் ஜூனாகட் சமதரையில் கட்டியது. ராஜா ராய் சிங் காலத்தில் 1594-இல் முடிந்த கோட்டை அது. மலையேற்றம் இல்லை, வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரும் தரைமட்டம்தான், அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஜெய்ப்பூரை 1727-இல் நிறுவிய இரண்டாம் சவாய் ஜெய் சிங் கட்டிய வானியல் கூடம் அது. அங்குள்ள சம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரம். வளைந்த பளிங்கு ஓரத்தில் நிழல் விழும் இடத்தில் விரலை வைக்கச் சொல்லி ஒரு நிமிடம் காத்திருங்கள். நிழல் சுமார் ஆறு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பூமி சுழல்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம், அதற்கு ஒரு படிகூட ஏற வேண்டாம்.

ஆமேர் கோட்டைக்குப் பேருந்து மேலே போகாது, கீழேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து ஜீப் பிடியுங்கள். யானைச் சவாரி வேண்டாம். ஏறி இறங்குவது முழங்காலுக்கும் ஆகாது, அந்த யானைகள் படும் பாட்டைப் பார்த்தபிறகு நான் யாரையும் ஏறச் சொல்வதில்லை. ஜோத்பூர் மெஹ்ரான்கட் கோட்டையில் லிஃப்ட் இருக்கிறது. தனிக் கட்டணம், தயங்காமல் கட்டுங்கள். ஏற்றத்தின் பெரும்பகுதி அதில் கழிந்துவிடும். உள்ளே அறைக்கு அறை சில படிகள் உண்டு, அவற்றை நிதானமாகக் கடக்கலாம்.

கஷ்டமான இடம் உதய்ப்பூர் சிட்டி பேலஸ். படிகள் குறுகல், செங்குத்து, கூட்டம் முழுக்க ஒரே திசையில் நகரும். பாதியில் முடியவில்லை என்றால் எதிர்த்துத் திரும்புவது சிரமம். அம்மா முற்றத்தில் உட்கார்ந்திருக்கட்டும். அன்று மாலை பிச்சோலா ஏரியில் படகில் அழைத்துப் போங்கள். தண்ணீரிலிருந்து பார்த்தால் மொத்த அரண்மனையும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

ஜெய்சல்மேர் கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1156-இல் ராவல் ஜைசல் கட்டியது. மற்ற பல கோட்டைகள் அருங்காட்சியகமாகிவிட்டன, இங்கே இன்றைக்கும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். கொடியில் துணி காயும், சந்தில் மாடு படுத்திருக்கும், வாசலில் பாட்டி பயறு புடைப்பார். முதல் வாசல் வரை ஆட்டோ போகும், பெரிய பேருந்து அந்தச் சந்துகள் பக்கமே வர முடியாது. உள்ளே பாதை கல் பாவியது. நூற்றாண்டுகளாகக் கால் பட்டுப் பட்டு அந்த மஞ்சள் கல் எண்ணெய் தடவினது போல வழவழவென்றிருக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் வழுக்கும். ரப்பர் அடியுள்ள மூடிய ஷூ போட்டு, கைத்தடி ஒன்றும் கொடுத்து அழைத்துப் போங்கள். சில வருடம் முன்பு என் குழுவில் வந்த மதுரை அம்மா ஒருவர், முழுக்கச் சுற்ற முடியாது என்று இரண்டாம் வாசல் பக்கத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து நாங்கள் திரும்பும்போது, வெள்ளிக் கொலுசு விற்கும் பெண்ணோடு சைகையிலேயே பேரம் பேசி முடித்து, அவள் பேத்தியை மடியில் வைத்திருந்தார். அப்படி உட்கார நேரம் தரும் சுற்றுலாவைத் தேடுங்கள்.

அந்தக் கோட்டைக்குள் அறை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வாழ்ந்த காலத்துக் கட்டடம் அது. இப்போது குழாய்த் தண்ணீரும் கழிவுநீரும் அடியில் கசிந்து, மென்மையான பாறைக் குன்றையே அரிக்கின்றன. 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை நம் குளியலறைத் தண்ணீரால் சரியக் கூடாது. வெளியே நல்ல விடுதிகள் நிறைய இருக்கின்றன.

அப்பா விஷயம் சாப்பாட்டு நேரத்தில் இருக்கிறது. பிகானேர் - ஜெய்சல்மேர் சாலையில் நீண்ட தூரத்துக்கு ஒன்றுமே இருக்காது. ஒரு மணிக்குச் சாப்பாடு என்று அட்டவணை சொல்லும், மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இன்சுலின் போட்டவருக்கு அந்த இரண்டு மணி நேரம் ஆபத்து. கடலை மிட்டாய், பிஸ்கட், பழம், குளுக்கோஸ் ஆகியவை அப்பாவின் கைப்பையிலேயே இருக்க வேண்டும், தலைக்கு மேலே உள்ள தட்டில் அல்ல. தட்டில் சாப்பாடு வந்த பிறகு ஊசி போடலாமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இன்சுலினைப் பேருந்தின் அடியில் உள்ள சாமான் அறையில் போடவே கூடாது. விடுதி ஃப்ரிட்ஜில் வைத்தால் உறைபனிப் பெட்டியை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கடுங்குளிரில் சர்க்கரை பார்க்கும் கருவி பிழை காட்டும். பெரும்பாலான கருவிகள் 10 டிகிரிக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும். காலையில் கருவியையும் பட்டைகளையும் சிறிது நேரம் போர்வைக்குள் வைத்திருந்துவிட்டுப் பாருங்கள்.

சமையல்காரரைக் கூட்டிப் போகும் தமிழ்நாட்டுக் குழு என்றால் அப்பாவுக்கு நல்லது, நேரம் நம் கையில் இருக்கும். ஆனால் மூன்று வேளையும் இட்லி, சாம்பார் என்றே ஒன்பது நாளைக் கழித்துவிடாதீர்கள். பாஜ்ரா ரொட்டி என்பது நம் கம்புதான். கேர் சாங்க்ரி கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள். சாங்க்ரி எது தெரியுமா? நம் விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நிற்கிறதே வன்னி மரம், அதன் காய் வற்றல். ஊறவைத்து, கேர் என்ற சிறு காயோடு எண்ணெயும் காய்ந்த மிளகாயும் சேர்த்துச் சுருள வதக்குவார்கள். கொத்தவரங்காய் வற்றலுக்குப் பக்கத்தில் வரும், கொஞ்சம் புளிப்பு கூடுதல். பால் பாயசம் போலத் தித்திக்கும் சூர்மா என்ற இனிப்பை மட்டும் அப்பா தள்ளி வைக்கட்டும்.

அந்த வன்னி மரத்தைப் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். தார் பாலைவனம் முழுக்க மணல்மேடு என்று நினைத்து வருகிறவர்கள் முதல் நாள் ஏமாறுவார்கள். பெரும்பகுதி முள்ளும் சரளையும் கலந்த மேய்ச்சல் நிலம். நடுநடுவே தலை கழித்த வன்னி மரங்கள், சாலையோரம் நமக்குத் தெரிந்த அதே சீமைக்கருவேலம். வன்னிதான் ராஜஸ்தானின் மாநில மரம், அங்கே கேஜ்ரி என்பார்கள். ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் 1730-இல் அரண்மனை ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி முதலாக பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் விட்டார்கள். ஜோத்பூர் போகும் வழியில் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், வெளியே பார்க்கும் பார்வையே மாறும்.

பேருந்து இருக்கை பற்றி. பின்சக்கரத்துக்கு மேலும் அதற்குப் பின்னும் உள்ள வரிசைகள் குலுக்கும். பெரியவர்களுக்கு நடுவரிசைக்கு முன்னால் இடம் கேளுங்கள். தினமும் இருக்கை மாற்றும் வழக்கம் பல குழுக்களில் உண்டு, அதிலிருந்து இவர்களுக்கு விலக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதிகம் வலிக்கும் கால் நடைபாதைப் பக்கம் வருமாறு உட்கார்ந்தால் நீட்டிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். பெண்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே வருவார்கள், அதுதான் தலைசுற்றலைக் கொண்டுவரும். சாலையோரத் தாபாக்களில் பெரும்பாலும் குத்துக்கால் இடும் கழிப்பறைதான். மேற்கத்தியக் கழிப்பறை உள்ள விடுதிகளில்தான் நிறுத்துவோம் என்று நிறுவனம் உறுதி தர வேண்டும். மடக்கும் கமோடு ஸ்டூல் ஒன்றும் கொண்டுபோங்கள். கூச்சப்பட வேண்டாம், அதே பேருந்தில் வேறு இரண்டு பேர் கேட்டு வாங்குவார்கள்.

கடைக்கு அழைத்துப் போவதையும் கேட்டுவிடுங்கள். ரத்தினக் கல், கம்பளம், போர்வை என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு கடைமுன் ஒன்றரை மணி நேரம் நிறுத்துகிற குழுக்கள் உண்டு. அங்கே கமிஷன் உண்டு என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். உங்கள் பெற்றோருக்கு அது மதியத் தூக்கத்தைப் பறிக்கும் நேரம். எத்தனை கடை என்று கேளுங்கள், ‘ஒன்றிரண்டு’ என்று மழுப்பினால் வேறு நிறுவனம் பாருங்கள். ஜனவரிக் காலையில் ஜெய்ப்பூர், பிகானேர் பக்கம் மூடுபனி இறங்கும். பனி விலகுமுன் வண்டி எடுக்க மாட்டோம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பிப்ரவரிக்குத் தள்ளிப்போட முடிந்தால் பனி குறையும்.

கடைசியாக மணல். ஜெய்சல்மேருக்கு மேற்கே 40 கி.மீ. தள்ளி இருக்கிறது, மணல்மேடுகள் உள்ள ‘சம்’ என்ற ஊர். கூடாரத்தில் தூங்க வேண்டாம் என்பதே என் திடமான கருத்து. ஜனவரி இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும், 5 வரை இறங்கிய இரவுகளும் உண்டு. கூடாரத்தை ஒட்டிய குளியலறையில் ஈரத்தரை, உயர வாசற்படி, மங்கல் விளக்கு. நடுராத்திரி எழுந்திருக்கும் வயதானவருக்கு விழ ஏற்ற இடம். மணலும் சூரியாஸ்தமனமும் கல்பேலியா என்ற நாட்டுப்புற ஆட்டமும் மாலையிலேயே முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் ஊருக்குள் இருக்கும் விடுதிக்குத் திரும்பிவிடலாம். குழு கூடாரத்தில் தங்கினால் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒரு கார் சொல்லிவையுங்கள். ஒலிபெருக்கிச் சத்தம் பிடிக்காதென்றால் தெற்கே உள்ள கூரி அமைதியான இடம்.

ஒட்டகத்தின் முதுகில் அம்மாவை ஏற்ற வேண்டாம். ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்கால்களைத் தூக்கும், மேலே இருப்பவர் ஒரேயடியாய் முன்னால் சாய்வார். அந்த உலுக்கல் தேய்ந்த மூட்டுக்கு ஆகாது. அப்பா ஏறினால், எழும்போதும் உட்காரும்போதும் பின்னால் நன்றாகச் சாய்ந்து பிடித்துக்கொள்ளட்டும். அம்மாவுக்கு அங்கேயே ஒட்டக வண்டி கிடைக்கும். மெத்தை விரித்த தாழ்வான பலகை, காலைத் தொங்கவிட்டு உட்காரலாம், மணல்மேட்டின் அடிவாரம் வரை போகும். ஐந்து மணிக்கு முன் போய்விடுங்கள், சூரியன் விழ ஆறு மணிக்கு மேலாகும். மேட்டின் உச்சிக்கு ஏற வேண்டியதில்லை, காற்று வரி வரியாகக் கோலம் போட்ட சரிவு கீழேயே இருக்கும். செருப்பைக் கழற்றிக் கால் வைத்தால் மேலே இளஞ்சூடு, ஒரு விரல் ஆழம் போனால் சில்லென்றிருக்கும். சூரியன் மறைந்ததும் மேல் மணல் குளிரத் தொடங்கிவிடும், அப்போது போட அம்மாவின் கம்பளிக் காலுறையைக் கையிலேயே வைத்திருங்கள்.