டிவியைப் பின்னறைக்கு மாற்றியவருக்கு

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் 28 ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சொன்னதையெல்லாம் மறக்கிறார். சுடோக்கு புத்தகமும் ஜிங்கோ மாத்திரையும் வாங்கித் தந்தேன், பயனில்லை. டிவியை அலறவிடுவதால் பிள்ளைகள் படிப்புக்காக அதைப் பின்னறைக்கு மாற்றிவிட்டோம். கோயில் கூட்டத்துக்கும் போவதில்லை. மூளைக்கு வேறென்ன பயிற்சி தரலாம்?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, டிவி அலறுவதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கடிதத்தில் விஷயமே அதுதான். காது கேட்காத மனிதரை டிவியோடு சேர்த்துப் பின்னறைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். வளர்த்த கடனுக்கு இதுவா கைம்மாறு?

ஆலை இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்சுருதி ஒலிகளை. பேச்சு கேட்கும், எழுத்து பிரியாது. 'சாவி எங்கே?' என்றால் 'ஆவி எங்கே?' என்று விழும். காதில் சரியாக விழாததை எப்படி ஞாபகம் வைப்பார்? நாலு தடவை 'என்ன?' என்று கேட்கக் கூசியே கூட்டத்தை விட்டிருப்பார். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சொன்ன, மாற்றக்கூடிய 14 மறதிநோய்க் காரணங்களில் செவிக்குறையும் கெட்ட கொழுப்பும்தான் முன்வரிசை.

இன்றிரவே சோதியுங்கள். அவர் ஒரு காதை விரலால் அடைத்துக்கொள்ளட்டும். பின்னால் கை நீளத் தூரத்தில் நின்று மூன்று எண்களை மூச்சுக்குரலில் சொல்லுங்கள். பிறகு வேறு மூன்று. ஆறு எண்களில் மூன்றையாவது சரியாகச் சொல்லாவிட்டால் அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போங்கள். முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள் (பஞ்சுக் குச்சியால் நீங்கள் குடையாதீர்கள், இன்னும் உள்ளே போகும்). பிறகு காது மூக்கு தொண்டை பிரிவுக்குக் கடிதம் வாங்கி ஆடியோகிராம் (செவித்திறனை அளக்கும் சோதனை) எடுங்கள். மறதியையும் மறைக்காமல் சொல்லி ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, பி12 பார்க்கச் சொல்லுங்கள். ஆடியோகிராம் நகலோடு சொக்சோவிலும் (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) விசாரியுங்கள். வேலையிடத்து இரைச்சலால் வரும் செவிக்குறை தொழில்நோய்ப் பட்டியலில் உண்டு.

காதுக் கருவி வந்ததும் நேரே திருவிழா உறுமிக்கு நடுவே மாட்டிவிடாதீர்கள். அப்படி மாட்டித்தான் பலர் மறுநாளே மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள். முதல் வாரம் வீட்டில், ஒருவரோடு மட்டும் பேசும்போது, நாளுக்கு இரண்டு மணி நேரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நம் ஊர் வியர்வைக்குக் கருவி சீக்கிரம் கெடும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

ஜிங்கோவை நிறுத்துங்கள். 2008இல் முடிவு வந்த ஆய்வில் 3,000 பேருக்கு மேல் சோதித்தார்கள், மறதிநோயைத் தடுக்கவில்லை. சுடோக்கு போட்டால் சுடோக்கு நன்றாக வரும், அவ்வளவுதான். அதற்குப் பதில் கோயிலில் தேவாரம் ஓதுபவர்களோடு உட்காரட்டும்; வாரம் ஒரு பாடல் மனப்பாடம். காது, நினைவு, ஆள்கூட்டம் மூன்றுக்கும் வேலை. போகவர நடக்கட்டும்.

டிவியைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். எட்டு மணிவரை அணைத்து வையுங்கள், பிள்ளைகள் படிக்கட்டும். அப்புறம் திரையின் அடியில் வரும் எழுத்து வரியைப் போட்டுவிட்டு தாத்தாவோடு உட்கார்ந்து செய்தி பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் உட்காருங்கள்.