தேய்ந்த துண்டுக்கு வரைபடம்

அன்புள்ள அண்ணா,

திறந்த வன்பொருள் (வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்ட கருவிகள்) பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நாங்கள் நாலு பேர், மின்னணுவியல் படித்தவர்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கடையை வாடகைக்கு எடுத்து, அக்கம்பக்கத்துக்குத் தேவையானதை அங்கேயே செய்யும் பட்டறை தொடங்க நினைக்கிறோம். சேர்த்த காசில் முதலில் பிளாஸ்டிக்கில் பொருளையே அச்சிடும் த்ரீடி பிரிண்டர் வாங்குவதாக எண்ணம். ஒரு கேள்விதான் உறுத்துகிறது. வரைபடம் எல்லோருக்கும் பொது என்கிறீர்கள். ஆனால் முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகைகூட சீன நகல்தான். இதெல்லாம் வசதியான நாட்டுக்காரரின் பொழுதுபோக்கு இல்லையா?

ம., கொட்டாஞ்சேனை

அன்புள்ள ம.,

அந்தச் சீன நகலைக் கையில் எடுத்துப் பாருங்கள். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயாவில் மாணவர்களுக்காகத் தொடங்கிய பலகை அது. வரைபடத்தை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆர்டுயினோ என்ற பெயரை மட்டும் போடக்கூடாது. ஊனோ என்ற அசல் ஆர்டுயினோ பலகையில் யூஎஸ்பி இணைப்பைக் கவனிக்க ஏடிமெகா16யூ2 என்ற சில்லு இருக்கும். நகலில் பெரும்பாலும் சிஎச்340. சீனத்துச் சில்லு, மலிவு. அங்கே யாரோ வரைபடத்தை எடுத்து, தன் கடைத்தெருவில் கிடைக்கும் சாமானுக்கு ஏற்ப மாற்றி வரைந்திருக்கிறார். (பெயரையும் சேர்த்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை விடுங்கள்.) இதைக் களவென்று நான் சொல்லமாட்டேன். நாம் இன்னும் தொடங்காத வேலை அது.

இணையத்திலிருந்து இறக்கிய வரைபடத்தோடு பழைய சோனகத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கேட்ட அளவில் இரும்புக் குழாய் இருக்காது. கடைக்காரர் இருக்கிற ஒன்றைக் காட்டி, "இது சரிவரும் தம்பி" என்பார். சரிவராது. குழாய் மாறினால் துளை மாறும், போல்ட் மாறும், தாங்கும் பாரமும் மாறும்.

2022-இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360-க்கு ஏறிய காலம். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டு கிரைண்டர் நின்றது. மோட்டாருக்கு ஒன்றுமில்லை. ஜாடியை மோட்டாரோடு பூட்டும் பல்லுள்ள பிளாஸ்டிக் துண்டு தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். புறக்கோட்டை முழுக்கத் தேடியும் இல்லை. தெரிந்த பையன் ஒருவன் அளந்து பிரிண்டரில் அடித்துத் தந்தான். அசலைவிட வடிவு! மூன்றாம் நாள் உளுந்து அரைக்கும்போது குழைந்துவிட்டது. அவன் அடித்தது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில். 60 பாகைச் சூட்டில் அது இளகத் தொடங்கும். உராயும் இடத்தில் அந்தச் சூட்டுக்கா பஞ்சம்?

அப்புறம்தான் ஆமர் வீதிப் பக்கம் லேத் என்ற கடைசல் இயந்திரம் ஓட்டும் பாஸ் ஒருவரைக் கண்டுபிடித்தேன். தேய்ந்த துண்டை வாங்கி, வேர்னியர் அளவுகோலால் நாலு இடத்தில் அளந்து, வெள்ளை நைலோன் உருளையில் கடைந்து, பல்லை அரத்தால் எடுத்துத் தந்தார். கரண்ட் வந்துபோன நாட்கள், அதனால் இரண்டு நாள் பிடித்தது. இன்றைக்கும் அந்தத் துண்டுதான் ஓடுகிறது. அளவை அவர் எங்கேயும் எழுதவில்லை. எனக்கும் அன்று குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை. அதே கிரைண்டர் வெள்ளவத்தையில் மட்டும் எத்தனை வீட்டில் மூலையில் கிடந்திருக்கும்!

ஆகவே பிரிண்டரை இரண்டாவதாக வாங்குங்கள். முதல் காசு ஒரு நல்ல வேர்னியருக்கும் ஒரு பாஸின் கூலிக்கும் போகட்டும். கிழமைக்கு ஒரு துண்டை வரைந்து வெளியிடுங்கள். அளவோடு, எந்தத் தெருவில் சாமான் கிடைக்கும், சிங்களத்தில் என்ன பெயர் சொல்லிக் கேட்கவேண்டும், எத்தனை மாதம் உழைத்தது என்பதையும் எழுதுங்கள். குழைந்துபோனதையும் மறைக்காமல் எழுதுங்கள். உரிமத்தை, அதாவது யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியை, மறக்கவேண்டாம், உரிமம் சொல்லாத வரைபடம் இணையத்தில் கிடந்தாலும் திறந்ததாகாது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் 2011-இல் வன்பொருளுக்கென்றே ஓர் உரிமம் வெளியிட்டது. இப்போதைய பதிப்பில் மூன்று வகை உண்டு. மாற்றிச் செய்து கொடுப்பவர் தன் மாற்றத்தையும் திறந்து காட்டவேண்டும் என்கிற கண்டிப்பான வகையை எடுங்கள்.

பொழுதுபோக்கா என்றால், ஓரளவுக்கு ஆம். சில்லும் பேரிங்கும் கொட்டாஞ்சேனையில் செய்ய முடியாது. 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப், தன்னைத்தானே அச்சிடும் பிரிண்டர் என்று பெயர் எடுத்தது. அதுவும் தன் பிளாஸ்டிக் உறுப்புகளைத்தான் அச்சிட்டது. மோட்டார் கடையில் வாங்கியது. அந்த எல்லையை ஒப்புக்கொண்டு தொடங்கினால் ஏமாற்றம் இருக்காது.

பிரிண்டர் வாங்கும் நாளில் காற்றுப் புகாத டப்பா ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் சேர்த்து வாங்குங்கள். கொழும்புக் காற்றில் பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழைச்சுருளைத் திறந்து வைத்தால் ஈரம் குடித்து, அடிக்கும்போது படபடவென்று பொரியும்.

என் கிரைண்டர் துண்டைக் கழற்றித் தருகிறேன், அதையே முதலில் வரையலாம். சனிக்கிழமை காலை வாருங்கள். அன்றைக்கு வீட்டில் தோசைக்கு அரைப்பதில்லை.