பரா பரா ஆட ஆள் தேவை

அன்புள்ள அக்கா,

உங்கள் டோக்கியோ நாட்களைப் பற்றிய கட்டுரையில் போகிறபோக்கில் 'பரா பரா' என்று ஒரு சொல் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். நான் நிஷி-கசாயில் இருக்கிறேன். மென்பொருள் வேலை, வந்து இரண்டு வருடம். கல்லூரி விடுதியில் 'இனிஷியல் டி' என்ற கார் பந்தய அனிமே பார்த்து, அதில் ஒலிக்கும் யூரோபீட் என்ற வேகமான நடன இசையில் பைத்தியம் பிடித்தது. அந்தப் பாட்டுகளுக்கென்றே பரா பரா என்று ஒரு நடனம் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது ஏழெட்டுப் பாட்டுகளுக்குக் கையசைவு மனப்பாடம். ஆடுவது மட்டும் இரவில், அறையின் சன்னல் கண்ணாடி முன்னால், தனியாக.

நம் ஊர் நண்பர்கள் 'டிராஃபிக் போலீஸ் டான்ஸ்' என்கிறார்கள். கார் அனிமே ரசிகர்களுக்குப் பாட்டு தெரிகிறது, ஆட்டம் தெரியவில்லை. அலுவலகத்தில் மதிய உணவு மேசையில் என் மேலாளரிடம் ஒருநாள் சொன்னேன். நாற்பதைத் தாண்டிய ஜப்பானியப் பெண். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், 'நத்சுகஷீ' என்றார், எழுந்து போய்விட்டார். அதோடு யாரிடமும் இதைப் பேசுவதில்லை. ஆட்டம் பிறந்த ஊரிலேயே இதற்கு ஆள் இல்லை என்றால் எங்கே போய்த் தேடுவது? இந்த ஆட்டம் செத்துவிட்டதா?

கே., டோக்கியோ

அன்புள்ள கே.,

டிராஃபிக் போலீஸ் என்ற நண்பர்களைக் கோபிக்காதீர்கள். முதல்முறை பார்த்தபோது எனக்கும் அதுதான் தோன்றியது. கால்கள் பக்கவாட்டில் சும்மா போய் வருகின்றன. முகத்தில் சலனமே இல்லை. கைகள் மட்டும் வெட்டுகின்றன, சுழல்கின்றன, விரிகின்றன. ஐம்பது பேர் ஒரே திசை பார்த்து நின்று ஒரே நொடியில் அதைச் செய்தபோது என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஜப்பானிய மொழியிலும் நம் இரட்டைக்கிளவி போன்ற சொற்கள் ஏராளம். தூறல் விழுவதும் புத்தகத்தின் தாள்களைப் புரட்டுவதும் அவர்களுக்குப் 'பரா பரா'. நம் பரபரப்புக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் நிமிடத்துக்கு 150 தாளத்துக்கும் மேல் போகும் பாட்டில் அந்தக் கைகளைப் பார்ப்பவருக்கு நம் சொல்தான் பொருத்தமாகப் படும்.

பாட்டுகளின் கதை விசித்திரமானது. பெரும்பாலும் இத்தாலியில் செய்தவை. டேவ் ராட்ஜர்ஸ் என்று இசைத்தட்டு உறையில் அச்சாகும் பாடகர் மாந்துவா ஊர்க்காரர், இயற்பெயர் ஜான்கார்லோ பாஸ்குவினி. ஆங்கில வரி, இத்தாலியக் குரல், ஜப்பானியச் சந்தை. ஜப்பானின் ஏவெக்ஸ் இசை நிறுவனம் 1990-இல் தொடங்கிய 'சூப்பர் யூரோபீட்' தொகுப்பு வரிசை 2018-இல் 250-ஐத் தொட்டது. செய்த நாட்டில் அதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. இனிஷியல் டி வழியாக உலகமெங்கும் இதைக் கேட்க வந்தவர்களுக்கோ யூரோபீட் என்றால் மலைப்பாதையில் வழுக்கித் திரும்பும் கார். அவர்கள் வேறு வீடு. நீங்கள் இத்தனை நாள் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறீர்கள்.

இந்த ஆட்டத்தில் சொந்தக் கற்பனைக்கு இடமே கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக வகுத்த அசைவு, அதற்குப் பெயர் 'ஃபுரி'. முதலில் ரிஃப் என்ற சின்தசைசர் இசைத்துண்டு, பிறகு ஏ-மெலோ, பி-மெலோ என்று பாட்டு வரிகள், உச்சத்தில் பல்லவிபோல் வரும் சபி, மறுபடி ரிஃப். ஒவ்வொரு பகுதிக்கும் கை என்ன செய்யவேண்டும் என்று முன்பே முடிவாகிவிட்டது. ஆரம்ப காலத்தில் டிஸ்கோவுக்கு டிஸ்கோ ஃபுரி மாறும். அதே பாட்டுக்கு இங்கே ஒரு கை, அடுத்த தெருவில் வேறு கை. திரும்பத் திரும்ப வந்து பின்வரிசையில் நின்று பார்த்துத்தான் படிக்கவேண்டும். 'என்ன பெரிய நடனம், எல்லாரும் ஒரே மாதிரி' என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஒரே மாதிரிதான் பிடித்தது. ஒரு கூட்டத்தில் யாருக்கும் நம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டாம். முதல் எட்டுத் தாளத்துக்குள் யார் நம்மவர் என்று தெரிந்துவிடும்.

ஒருநாள் மொழி வகுப்புத் தோழி என்னை டோக்கியோவின் ரொப்பொங்கியில் ஒரு க்ளப்புக்கு அழைத்துப் போனாள். அப்போது என் ஜப்பானியம் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். மூன்றாவது வரிசையில் நின்றேன். வீடியோ பார்த்து ஒரு பாட்டு கற்றுக்கொண்டு போயிருந்த தைரியம். ரிஃப் தொடங்கியது. எல்லாக் கைகளும் வலப்பக்கம் போக, என் கை இடப்பக்கம் போய்ப் பக்கத்துப் பெண்ணின் மணிக்கட்டில் பட்டென்று மோதியது. திரையில் எதிரே நிற்பவரைக் கண்ணாடிபோல் பார்த்துப் படித்த வினை. அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ரிஃப் வந்தபோது தன் அசைவை ஒரு இம்மி நிறுத்தி நிறுத்தி, எனக்குத் தெரியும்படி ஆடினாள். வேகம் குறையவில்லை, தெளிவு மட்டும் கூடியது. பாட்டு முடிந்ததும் லேசாகத் தலையைத் தாழ்த்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அவள் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

நீங்களும் சன்னல் கண்ணாடி முன்னால் ஆடுகிறேன் என்கிறீர்கள். இடம் வலம் சரிதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

செத்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். எண்பதுகளின் டிஸ்கோக்களில் பிறந்து பலமுறை செத்துப் பிழைத்த ஆட்டம் இது. (விசிறியும் இறுக்கமான உடையுமாக மேடையேறி ஆடிய ஜூலியானாஸ் டிஸ்கோவின் காலத்தை, 1991 முதல் 1994 வரை, பலர் இதோடு குழப்புகிறார்கள். அங்கே ஒலித்தது டெக்னோ என்ற வேறு வகை நடன இசை. அது வேறு கதை.) பெரிய அலை 1999 முதல் 2001 வரை. ஸ்மாப் பாடகர் குழுவின் கிமுரா டகுயா தொலைக்காட்சியில் வேடம் கட்டி ஆடிக்காட்டினார், ஊரே பற்றிக்கொண்டது. 2000-இல் கொனாமி நிறுவனம் இதற்கென ஒரு விளையாட்டு இயந்திரமே செய்தது. சுற்றிலும் ஐந்து உணரிகள், நடுவே நின்று கை வீசவேண்டும். டோக்கியோ டிஸ்னிலேண்டில் மிக்கி மவுஸும் ஆடியது. மிக்கி ஆடத் தொடங்கிய அன்றே டோக்கியோவின் ஷிபுயா வட்டாரப் பெண்களுக்கு இது கசந்திருக்கும் என்பது என் ஊகம். பின்வரிசையில் நின்று மாதக்கணக்கில் கற்றதை வீடியோ பார்த்து எவரும் ஒரு வாரத்தில் கற்கலாம் என்றானால், கஷ்டப்பட்டுக் கற்றவருக்கு அதில் என்ன பெருமை? ஏவெக்ஸின் ரொப்பொங்கி டிஸ்கோ மாளிகையான வெல்ஃபாரே 2007-இன் முதல் நாளோடு மூடியது. ஆனால் யூரோபீட் இரவுகள் நிற்கவில்லை, சிறிய இடங்களுக்குப் போய்விட்டன, அவ்வளவுதான். போகும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: டெக்னோவுக்கு ஆடும் டெக்பரா, டிரான்ஸ் இசைக்கு ஆடும் டொரபரா என்று கிளைகள் உண்டு. நீங்கள் கற்றது யூரோபீட். தவறான வரிசையில் நின்றால் இரவு முழுக்க நின்றுகொண்டே இருக்கவேண்டியதுதான்.

இனி உங்கள் மேலாளர். நீங்கள் அவர் சிரிப்பை ஏளனம் என்று எடுத்துக்கொண்டீர்கள். 'நத்சுகஷீ' ஏளனச் சொல் இல்லை. நீங்கள் எதிர்பாராமல் பழைய வீட்டு முற்றத்தின் வாசனை வந்தால் நெஞ்சில் ஒன்று எழுமே, அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் சொல் அது. தெரியாத விஷயத்துக்கு யாரும் நத்சுகஷீ சொல்ல முடியாது.

கணக்குப் போடுங்கள். நாற்பதைத் தாண்டியவர் 2000 வாக்கில் பள்ளி மாணவி. அந்த வயதுக்கு இரவு க்ளப்பில் விட்டிருக்க மாட்டார்கள். தோழி வீட்டுத் தொலைக்காட்சியில், பள்ளி முடிந்த வகுப்பறையில் கற்றிருப்பார். ஒருவேளை முகத்தைப் பழுப்பேற்றிக்கொண்டு, செங்கல் உயர பூட்ஸ் போட்டுக்கொண்டு ஷிபுயாவில் நின்ற, கியாரு எனப்பட்ட நாகரிகப் பெண்களில் ஒருவராகவும் இருந்திருப்பார். இன்று ஒரு பிரிவுக்கே தலைவி. மதிய உணவு மேசையில், பத்துப் பேர் நடுவில், கீழே வேலை செய்யும் பையன் அந்தப் பெயரைச் சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்? எழுந்துதான் போவார்.

ஆகவே மறுபடி மேசையில் கேட்காதீர்கள். டிசம்பரில் உங்கள் அலுவலகத்தில் ஆண்டிறுதி விருந்தான போனென்காய் வரும். பெரிய விருந்தில் வேண்டாம். அது முடிந்து நாலைந்து பேர் மட்டும் கரோக்கே அறைக்குப் போகும் நிஜிகாய்க்குக் காத்திருங்கள். உங்களுக்கு நன்றாக வரும் பாட்டை ஓடவிட்டு எழுந்து ஆடுங்கள். அவரை அழைக்கவேண்டாம், முகத்தையும் பார்க்கவேண்டாம். இரண்டாவது ரிஃப் வரும்போது மேசைமேல் கிளாஸுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் கையை மட்டும் ஓரக்கண்ணால் பாருங்கள். அவர் அசைவும் உங்கள் அசைவும் ஒத்துவராமல் இருந்தால் வாதாடாதீர்கள். அந்தப் பாட்டை அவர் எந்த வருடம், யார் வீட்டில் கற்றார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். ரிஃப்பில் வலது கை முதலா இடது கை முதலா என்பதையும் சேர்த்து.