தூரி முதல்ல, தண்ணி அப்புறம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பேரன் பேத்திகளை (5, 9, 13 வயசு) லீவுக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன பார்க்குக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேனுங்க. ஒரு நாள் முழுக்கப் பொழுது போகுமா? எதுல இருந்து ஆரம்பிக்கறது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முழு நாள் தேவைப்படாதுங்க அம்மா. பத்துப் பன்னிரண்டு ரைடும் ஒரு குளமும் உள்ள பார்க்குக்கு நாலு மணி நேரம் தாராளம். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் மாதிரி பெரிய இடத்துக்குத்தான் நாள் முழுக்க ஒதுக்கணும்.

கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் நிறுத்தி மூணு பேர் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கான ரைடுகளில் பெரும்பாலும் 120 செ.மீ. (நாலு அடிக்குச் சற்றுக் குறைவு) கேட்பார்கள். 5 வயசுக் குழந்தை அந்த உயரத்தைத் தொடாது. அதுக்கும் எல்லா ரைடும் சேர்ந்த டிக்கெட் எடுத்தால் பாதிக் காசு வீண். தனித்தனி டிக்கெட் கிடைக்குமா என்று கவுண்டரிலேயே கேளுங்கள்.

கதவு திறந்ததும் தூரி (ஊஞ்சல்) மாதிரி ஆடுற, சுத்துற ரைடுகளை முடித்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் இரும்புப் பிடியும் பைபர் இருக்கையும் தொடையைச் சுட்டுவிடும். சாப்பிட்டபின் அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்துவிட்டு, கடைசியாகக் குளம். இந்த வரிசையை மாத்தினால் ஈரத்துணியோடு டாஷிங் கார் பக்கம் போக வேண்டி வரும். மேலே உள்ள வலையில் இருந்து கம்பி வழியாகக் கரண்ட் இறங்கி ஓடுகிற வண்டி அது. ஈரத்தோடு ஏத்தவே மாட்டார்கள்.

டாஷிங் காரில் இன்னொன்று. மூலையில் சிக்கிக்கொண்டால் வண்டி கெட்டுப்போச்சு என்று குழந்தைகள் இறங்கப் பார்ப்பார்கள். இறங்கக் கூடாது. பெடலை மிதித்தபடியே ஸ்டியரிங்கை ஒரே பக்கமாகச் சுத்திக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகள் அப்படித்தான் பின்னால் வரும். ரிவர்ஸ் கியரெல்லாம் கிடையாது.

சாப்பாடு பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். தயிர் சாதத்தைக் கார் டிக்கியில் வைத்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். புளிசாதம் கட்டிக்கொண்டு போய், வெளியே மரத்தடியில் சாப்பிடுங்கள். வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட கையில் முத்திரை குத்துவார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுடிதாரோட குளத்துல இறங்கக் கூடாதுங்கறாங்க. வாடகைக்குத் துணி குடுத்துக் காசு பாக்கத்தானே?
– வாசகி, தாராபுரம்

பதில்: வாடகையில் காசு பார்ப்பதும் உண்டு, காரணமும் உண்டு. பருத்தியின் நூல் பிசிறும் சாயமும் பில்டரை அடைக்கும். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்து, துப்பட்டாவும் காலில் சுத்தினால் இடுப்பளவுத் தண்ணியிலேயே தடுமாறுவோம். ஜீன்ஸின் ஜிப்பும் பித்தானும் சறுக்குமரத்தில் கீறல் போடும். அடுத்து வருபவர் முதுகில் அது கிழிக்கும். கடைவீதியில் ஒரு நைலான் செட் வாங்கிவிட்டால் வாடகைத் தொல்லை இல்லை. இறங்கும் முன் ஷவரில் நனையுங்கள். கண் எரிவதும் அந்த நெடியும் பெரும்பாலும் குளோரின் வியர்வையோடும், சொல்லக் கூச்சமான இன்னொன்றோடும் சேர்வதால் வருவது.

கேள்வி: கொலம்பஸ்ல ஏறினாலே வாந்தி. என்ன பண்றதுங்க?
– வாசகர், காங்கேயம்

பதில்: கொலம்பஸ் என்கிற அந்தக் கப்பல் ஊஞ்சலில் ரெண்டு முனையிலும் உள்ள இருக்கைதான் அதிக உயரம் போகும். நடுவில் உட்காருங்கள். கண்ணை மூடாதீர்கள், எதிரே தூரத்தில் அசையாத மரத்தையோ கட்டடத்தையோ பாருங்கள். காதுக்குள் உள்ள நீர் ஒரு சேதி சொல்ல, கண் வேறு சேதி சொல்வதால்தான் குமட்டல். வெறும் வயிறும் வேண்டாம், ரெண்டு இட்லி போதும். தலை சுத்தினால் அடுத்த ரைடுக்கு ஓடாமல் பத்து நிமிஷம் உட்காருங்கள்.

கேள்வி: ஆடி மாசம் போனோம். பாதியில ராட்டினத்தை நிறுத்திட்டாங்க. காசும் திரும்பலை!
– வாசகர், உடுமலை

பதில்: பாலக்காட்டுக் கணவாய்க் காத்து உங்கள் ஊருக்குத் தெரியாததா? காத்து வேகம் கூடினால் உயர ராட்டினத்தை நிறுத்துவதுதான் சரி. ஆனால் ஏறாத ரைடுக்கு வேறு ரைடோ மறுநாள் சீட்டோ கேட்கலாம். டிக்கெட்டின் பின்பக்க விதியைப் படித்துவிட்டுக் கேளுங்கள். ஆடியில் போவதென்றால் காத்து ஏறும் முன், காலையிலேயே ராட்டினத்தை முடித்துவிடுங்கள்.