பழைய பாட்டு பழைய கையைக் கூப்பிடும்

கேள்வி: பதினோரு வருஷமாக கிட்டார் வாசிக்கிறேன். யாரிடமும் முறையாகக் கற்றதில்லை; கேட்டும் பார்த்தும் வந்ததுதான். நண்பர்கள் கூடினால் பாட்டுக்கு கார்ட் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடிப்பேன், யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் வேகமான மெலடி எதையாவது எடுத்தால் விரல்கள் தடுமாறுகின்றன. ஆறு மாதம் முன்பு ஓர் ஆசிரியரிடம் சேர்ந்தேன். சுண்டுவிரல் கம்பியை விட்டு வெகுதூரம் எழும்புகிறது, தேவைக்கு மேல் அழுத்துகிறேன், கட்டைவிரல் நெக்குக்கு (கிட்டாரின் நீண்ட கழுத்துக்கு) மேலே ஏறி நிற்கிறது என்றார். அவர் எதிரில் சரியாக வாசிக்கிறேன். வீட்டில் ஒரு பாட்டை எடுத்தால் பத்தே நிமிடத்தில் எல்லாம் பழையபடி. அரை மணி நேரத்தில் மணிக்கட்டும் வலிக்கிறது. வயது 36. தொட்டில் பழக்கம் என்று விட்டுவிடுவதா, எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்குவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலிலிருந்து தொடங்க உங்களால் முடியவும் முடியாது. பதினோரு வருஷத்தில் உங்கள் காதுக்கு வந்த சுருதி, காலுக்கு வந்த தாளம், கார்ட் மாறும் இடத்தை முன்கூட்டியே உணரும் அந்த அறிவு, இதெல்லாம் எங்கேயும் போகாது. திருத்த வேண்டியது இடது கையின் இரண்டு மூன்று அசைவுகளை மட்டும்தான்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ஆசிரியர் எதிரில் சரியாக வருகிறது. வீட்டில் 'ஒரு பாட்டை எடுத்தால்' கெடுகிறது. அப்படியானால் கைக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பாட்டுதான் பழைய கையைக் கூப்பிடுகிறது. பல ஆயிரம் முறை செய்த அசைவு மூளையில் ஒரே கொத்தாகப் பதிந்துவிடும். முதல் கார்டை நீங்கள் பிடித்ததுமே மீதி எல்லாம் தானாக வரும், நீங்கள் யோசிப்பதற்கு முன்பே. அந்தப் பதிவை அழிக்க வழியில்லை. அதன் பக்கத்தில் புதிதாக ஒன்றைப் பதிக்கலாம். அது பலப்படும் வரை பழையதை எழுப்பாமல் இருக்கலாம். அதனால் நான் முதலில் சொல்வது: ஒரு மாதத்துக்குப் பழைய பாட்டு எதையும் சாதகத்தில் எடுக்காதீர்கள். நீங்கள் இதுவரை வாசித்தே இராத, சின்ன, எளிய மெலடி ஒன்றை எடுங்கள். எட்டு பார் (தாளச் சுற்று) போதும். அதில் உங்கள் சுண்டுவிரலுக்குப் பழைய ஞாபகம் எதுவும் இருக்காது.

அடுத்தது அழுத்தம். மூன்றில் இதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். மற்ற இரண்டும் பாதி இதிலிருந்தே வருகின்றன, உங்கள் மணிக்கட்டு வலியும் பெரும்பாலும் இதில்தான் தொடங்கியிருக்கும். இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். மூன்றாவது கம்பியில், ஐந்தாவது ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டத்தில்) ஆள்காட்டி விரலைச் சும்மா வையுங்கள், அழுத்த வேண்டாம். வலது கையால் அந்தக் கம்பியை மெதுவாக, விடாமல் மீட்டிக்கொண்டே இருங்கள். முதலில் 'டக் டக்' என்று மொட்டையாகக் கேட்கும். இப்போது விரலில் மிக மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக பலம் கூட்டுங்கள். கம்பி கரகரக்கும். இன்னும் சற்றே கூட்டினால் கரகரப்பு நின்று ஸ்வரம் தெளிவாக வரும். அங்கேயே நிறுத்துங்கள். கம்பி கேட்கும் பலம் அவ்வளவுதான். பிறகு விரலை ஃபிரெட்டின் உலோகக் கம்பியை ஒட்டி, அதன் மேல் ஏறாமல் நகர்த்தி, மறுபடி செய்யுங்கள். இன்னும் குறைவான பலமே போதும் என்பது தெரியும்.

நான் இதை முதன்முதலில் செய்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதற்கு முந்தைய ஆறு வருஷமும் விரல்நுனியில் பள்ளம் விழும் அளவுக்கு அழுத்தி வாசித்திருந்தேன். கார்ட் பிடித்தால் ஏதோ சுருதி சேராததுபோல் கேட்கும், டியூனிங்கைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். அளவுக்கு மீறி அழுத்தினால் கம்பி இழுபட்டு சுருதி ஏறிவிடும் என்பது அன்றைக்குத்தான் கையில் உறைத்தது.

சுண்டுவிரலுக்கு வருவோம். அது எழும்புவதை முழுக்க உங்கள் குற்றம் என்று நினைக்காதீர்கள். விரல்களை நீட்டும் தசைநார்கள் புறங்கையில் ஒன்றோடொன்று பட்டைகளால் இணைந்திருக்கின்றன. மோதிரவிரலும் சுண்டுவிரலும் தனித்தனியாக அசைவது யாருக்குமே எளிதல்ல. அதைப் பிடித்துக் கீழே அடக்கவும் பார்க்காதீர்கள். அடக்கினால் கை முழுக்க இறுகும். விட்டுவிடக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஐந்தாவது ஃபிரெட்டிலிருந்து எட்டாவது வரை, விரலுக்கு ஒரு ஃபிரெட்டாக நாலு ஸ்வரம் வாசியுங்கள். முதல் ஃபிரெட்டில் தொடங்க வேண்டாம், அங்கே இடைவெளி அகலம். மேலே போகப்போக நெருங்கும். வாசித்து முடித்த விரலைத் தூக்காதீர்கள், அதிலுள்ள பலத்தை மட்டும் விடுங்கள். கம்பியே அதை மேலே தள்ளிவிடும். விரல் கம்பியைத் தொட்டும் தொடாமலும் மிதக்கும். அந்த மிதப்பு ஒருமுறை கைக்குப் பிடிபட்டால் போதும், என்ன தேடுகிறோம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, தட்டுக்கு ஒரு ஸ்வரம். செல்போனை நெக் தலைப்பு இருக்கும் பக்கமாக நிறுத்தி, கையை மட்டும் வீடியோ எடுங்கள். வாசிக்கும்போது தெரியாத எழும்பல் அதில் தெரியும். நாலு நாலாகக் கூட்டுங்கள். ஏதோ ஓர் எண்ணில் சுண்டுவிரல் மறுபடி எழும்பத் தொடங்கும். 76 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை எழுதி வையுங்கள், உங்கள் புதிய கையின் எல்லை இப்போதைக்கு அது. ஒரு வாரம் 68, 72 இரண்டில் மட்டும் இருங்கள். எல்லையில் போய் முட்டிக்கொண்டே இருந்தால் பழைய அசைவுக்குத்தான் சாதகம் செய்தவர் ஆவீர்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு கருத்து, இதில் சில ஆசிரியர்கள் என்னோடு உடன்படமாட்டார்கள். மெதுவாக வாசிப்பது மட்டுமே வேகத்தைக் கொண்டுவராது. மெதுவாக வாசிக்கும்போது பெரிய அசைவுக்கும் நேரம் இருக்கும். வேகத்தில் அது இருக்காது. அதனால் இரண்டாவது வாரத்திலிருந்து, நாலே நாலு ஸ்வரத்தை மட்டும் வேகமாக, லேசாக வாசித்து உடனே நிறுத்துங்கள். கையைத் தளர்த்துங்கள். மூச்சு விட்டு மறுபடி. ஐந்தாவது ஸ்வரத்துக்குப் போகாதீர்கள். பழைய கை நுழைவது அங்கேதான்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இந்தத் திருத்தம் வேண்டாம். காலையில் பத்து, மாலையில் பத்து என்றால் இன்னும் நல்லது. கவனம் கலைந்த பிறகு வாசிப்பது பழைய வழியில்தான் போகும். இரவுத் தூக்கத்தில்தான் புதிய அசைவு நன்றாகப் பதிகிறது. நேற்று வராதது இன்று காலையில் எடுத்தவுடன் வருவதைப் பார்ப்பீர்கள்.

மணிக்கட்டு வலித்தால் அந்த நிமிடமே கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள். வலியோடு சாதகம் கூடாது. உட்காரும்போது நெக்கின் தலைப்பைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள், மணிக்கட்டின் வளைவு குறையும். இத்தனைக்குப் பிறகும் வலி தொடர்ந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, தானாக மடங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கட்டைவிரலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது எப்போதும் தப்பு என்று நான் நினைக்கவில்லை. ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டைவிரலை நெக்குக்கு மேலே கொண்டுவந்து ஆறாவது கம்பியையே பிடிப்பார். கம்பியை வளைக்கும்போது பலருக்கும் அதுதான் பிடிமானம். விரல்களை அகல விரிக்க வேண்டிய இடத்தில் அது பின்பக்கம் இறங்கி வர வேண்டும், அவ்வளவுதான். அழுத்தம் குறைந்தால் பாதி நேரம் தானே இறங்கிவிடும். மூன்றையும் ஒரே நாளில் திருத்தப் போனதுதான் இந்த ஆறு மாதமும் உங்களைக் களைக்க வைத்திருக்கிறது.

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1928-ல் ஒரு தீ விபத்தில் இடது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் செயலிழந்தன. பெரும்பாலும் இரண்டே விரல்களால் சோலோ வாசிக்கும் முறையை அவர் உருவாக்கிக்கொண்டார். பழைய கைக்குத் திரும்பும் வழியே அவருக்கு இல்லை. உங்களுக்கு அந்த வழி தினமும் திறந்தே கிடக்கிறது, அதனால் உங்கள் வேலை வேறு விதத்தில் கடினமானது. நிதானம் தவறும் நாட்களில் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

இந்த மாதத்துக்குள் நண்பர்கள் கூடினால்? போங்கள், பழைய கையோடே வாசியுங்கள். நாலு பேர் பாடும்போது நடுவில் விரலைப் பற்றி யோசித்தால் தாளம் போய்விடும். சாதகம் வேறு, வாசிப்பு வேறு. மாதம் முடிந்து பழைய பாட்டை சாதகத்துக்குத் திரும்ப எடுக்கும்போது, மூன்றாவது ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, பாதி வேகத்தில் எடுங்கள். கை வேறு இடத்தில் நிற்கும், சுருதி வேறாகக் கேட்கும். பழைய கைக்கு அந்தப் பாட்டு உடனே அடையாளம் தெரியாது. அந்த இடைவெளியில் புதிய கை முந்திக்கொள்ளட்டும்.